பெர் யோன்சன் தெரு

எங்கள் கடைக் கல்லாவுக்கு மேலே ஆணியில் ஒற்றைச் செருப்பு ஒன்று தொங்குகிறது. இரும்புச் செருப்பு. இடது காலுக்கு மட்டும். மூன்று மில்லிமீட்டர் தகட்டை வளைத்து, குதிகால் பக்கம் பட்டை வைத்துப் பற்றவைத்தது. எஸ்டி மோட்டார் சைக்கிளுக்குக் கிளட்ச் பிளேட் கேட்டு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது இன்னாண்ணா, குதிரைக்கா?" என்பார்கள்.

அண்ணன் கேட்டுச் செய்து கொடுத்தது. 2014-ல். அப்போது அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது.

ஸ்பீட்வே என்று ஒரு பந்தயம் உண்டு. நம் பக்கம் பெரும்பாலானோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். முட்டை வடிவ மண் தடம், நான்கு பேர், நான்கு சுற்று. ஒரு நிமிஷம் சொச்சத்தில் முடிந்துவிடும். ஐநூறு சிசி இன்ஜின், மெத்தனால் எரிபொருள், ஒரே ஒரு கியர். பிரேக் கிடையாது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. எப்போதும் இடது பக்கமே திரும்புவார்கள். திருப்பத்தில் பின்சக்கரம் வெளியே வழுக்கிக்கொண்டு போகும். வண்டி விழாமல் இருக்க இடது காலை மண்ணில் தேய்த்துக்கொண்டே போவார்கள். பூட்ஸ் தேயாமல் காலும் வழுக்கிப் போகத்தான் அந்த இரும்புச் செருப்பு.

அண்ணன் இதைக் கண்டுபிடித்தது எங்கள் தொழில் வழியாக. மைசூரில் செய்த ஜாவா, எஸ்டி வண்டிகளுக்குப் பழைய சாமான் தேடித்தான் அவர் போனும் கையுமாக இருப்பார். செக் நாட்டு ஜாவா பக்கங்களில் துழாவும்போது ஒருநாள் பிரேக் லீவரே இல்லாத ஒரு ஜாவா படம் வந்தது. திவிஷோவ் என்ற ஊரில் ஈசோ என்ற பெயரில் பந்தய வண்டி செய்துகொண்டிருந்த பட்டறை 1964-ல் ஜாவாவோடு சேர்ந்தது. அங்கிருந்து வந்த வண்டி அது. "டேய் சின்னவனே, இங்க வாடா. நம்ம ஜாவாக்கு ஒரு பங்காளி இருக்கான் பாரு" என்றார். அன்று ஆரம்பித்தது. அதற்கப்புறம் போலந்து, சுவீடன், இங்கிலாந்து என்று எந்த ஊர்ப் பந்தயமும் விட்டதில்லை. போலந்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓடுகிற பந்தயத்தின் துண்டுக் காட்சிகள் நமக்கு ராத்திரி வரும். சாப்பிட்ட கையோடு போனைத் தம்ளரில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவார்.

அண்ணனும் மண் பந்தயக்காரர்தான். 1989 மே மாசம், அக்னி நட்சத்திர வெயில். வட ஆற்காடு அப்போது இரண்டாகப் பிரியாத ஒரே மாவட்டம். ஆரணிப் பக்கம் ஒரு வறண்ட ஏரியில் நாலு ஊர்ப் பையன்கள் சேர்ந்து வைத்த பந்தயம். சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டு, ஜனங்கள் உள்ளே வராமல் இருக்கச் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தோம். அண்ணனுக்கு இருபத்து நாலு வயசு, எனக்குப் பதினேழு. கம்பு நட்டதில் நானும் ஒருவன். கடப்பாறையால் குழி போட்டு, ஆடாமல் நிற்கணும் என்று கல்லை வைத்து இறுக்கினோம். ஆடாமல் நின்றதுதான் பிறகு வினையானது.

மூன்றாவது சுற்றில் எஸ்டியின் பின்சக்கரம் ஏரி மண்ணின் வெடிப்பில் சிக்கித் தூக்கிப் போட்டது. முதுகு கம்பில் அடித்தது. ஹெல்மெட் இருந்ததால் தலைக்கு ஒன்றும் இல்லை. கண் விழித்துத்தான் இருந்தார்.

அடுத்து நடந்ததைத்தான் எழுதணும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எட்டுப் பேர் ஓடினோம். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்தார்கள், நான் காலைப் பிடித்தேன், நடுவுடம்பை யாரும் பிடிக்கவில்லை. மூட்டை தூக்குகிற மாதிரி தூக்கி அம்பாசடர் பின்சீட்டில் மடக்கி உட்கார வைத்தோம். 108 எல்லாம் 2008-ல்தான் வந்தது. வேலூருக்கு வருகிற வழியெல்லாம் அவர் கால்கள் என் மடியில் இருந்தன. கண்ணமங்கலம் தாண்டும்போது கேட்டார்: "டேய், என் காலை யார்றா மடிச்சு வெச்சது? நீட்டி வுடு."

கால் நீட்டித்தான் இருந்தது.

முதுகுத்தண்டில் நெஞ்சுப் பகுதியின் பன்னிரண்டாவது முள்ளெலும்பு என்று டாக்டர் படத்தைக் காட்டினார். எப்படித் தூக்கினீர்கள் என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. விழுந்தபோதே நரம்பு போய்விட்டதா, நாங்கள் தூக்கியதில் போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. அண்ணனும் ஒரு நாள்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை.

வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையத்தில் நாலு மாசம் இருந்தார். காட்பாடியிலிருந்து பாகாயம் போகிற பஸ்ஸில் சோற்றுத் தூக்கோடு தினம் போவேன். அந்த மையத்தைத் தொடங்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் ஒரு சாலை விபத்தில் அவருக்கே முதுகுத்தண்டு போய், இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அப்புறமும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்தார். 1966-ல் பாகாயம் மையம் திறந்தது. நாங்கள் போவதற்கு மூன்று வருஷம் முன்பே அவர் இறந்துவிட்டார். ஆனால் அங்கே யாராவது "எனக்கு எல்லாம் முடிஞ்சிபோச்சி" என்று அழுதால், பக்கத்துக் கட்டில்காரர்களே அந்த அம்மா கதையைச் சொல்லிவிடுவார்கள். அண்ணனுக்குச் சொன்னவர் பனைமரத்திலிருந்து விழுந்தவர், செங்கம் பக்கத்துக்காரர்.

அங்கே கற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்கணும். காலையிலும் ராத்திரியிலும் கைக் கண்ணாடியைப் பின்னால் பிடித்து, உட்காரும் இடத்தில் சிவப்புப் பொட்டு இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளணும். வலி தெரியாத உடம்பு, புண் வந்தாலும் சொல்லாது. நாற்காலியில் உட்கார்ந்தால் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி, மனசுக்குள் முப்பது எண்ணி இறக்கணும். இந்த ஒன்றை அண்ணன் கடையில் வியாபாரம் பேசிக்கொண்டே செய்வார். விலை கேட்டவர் காத்திருப்பார், இவர் அந்தரத்தில் இருப்பார், இறங்கிவிட்டு "நூத்தி எண்பது" என்பார். அவர் உள்ளங்கை இரண்டிலும் காய்ப்பு நாணயம் மாதிரி இருக்கும்.

2017 மார்ச்சில் போனார். சிறுநீரில் கிருமி ஏறி, சிறுநீரகம் வரை போய்விட்டது. முதுகுத்தண்டு போனவர்களுக்கு அது எப்போதும் வாசலிலேயே நிற்கிற ஆபத்து. சாவுச் சான்றிதழில் சிறுநீரகம் என்று எழுதியிருந்தது. பந்தயம் என்று எங்கும் இல்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், ஆகஸ்ட் வந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 5, சனிக்கிழமை. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மூன்றாவது சுற்று. மறுநாள் ஞாயிறு போய்ப் பார்க்கலாம் என்று என் அக்கா பையனோடு பேசி வைத்திருந்தேன். சாயங்காலம் செய்தி வந்தது. பெங்களூருப் பையன் ஷ்ரேயஸ் ஹரீஷ், பதின்மூன்று வயசு, காலையில் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தவன், பந்தயம் தொடங்கிய உடனே விழுந்து இறந்துவிட்டான். மீதிப் பந்தயமெல்லாம் ரத்து. அதே தடத்தில் அந்த வருஷம் ஜனவரி 8-ஆம் தேதிதான் கார் பந்தயத்தில் கே.ஈ. குமார் இறந்திருந்தார், ஐம்பத்தொன்பது வயசு. பதின்மூன்றும் ஐம்பத்தொன்பதும் ஒரே வருஷத்தில்.

இரண்டு நாள் எல்லோரும் மெழுகுவத்திப் படம் போட்டார்கள். அதில் எனக்குக் குறையில்லை, நானும்தான் அழுதேன். ஆனால் எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கிறது. பந்தயத்தில் போனவர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அன்றைக்கே உயிர் போனவர்களைத்தான் எழுதுகிறார்கள். விழுந்து எழுந்திருக்க முடியாமல் இருபது, முப்பது வருஷம் இருந்து போனவர்கள் எதிலும் வருவதில்லை. நம் பக்கம் ஏரியிலும் மைதானத்திலும் ஓட்டி விழுந்த பையன்கள் எத்தனை பேர், எந்த வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள் என்று யாரிடமும் ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லை.

ஸ்பீட்வேக்காரர்கள் இதில் நம்மைவிட எவ்வளவோ மேல். இறந்தவர்களை மறப்பதில்லை. சுவீடனின் டாமி யான்சன் 1976-ல் ஸ்டாக்ஹோமில் இறந்தார், இன்றைக்கும் பேசுகிறார்கள். இங்கிலாந்தின் லீ ரிச்சர்ட்சன் 2012 மே 13 அன்று போலந்தின் வ்ரோத்ஸ்வாவ் தடத்தில் வேலியில் மோதி இறந்தார், முப்பத்து மூன்று வயசு. போலந்தின் ரிப்னிக்கில் 2016 மே 22 அன்று விழுந்த கிறிஸ்டியன் ரெம்பாவாவுக்குப் பதினெட்டு வயசு. ஆறு நாள் போராடி 28-ஆம் தேதி போனான். அவன் அப்பாவும் ஸ்பீட்வே ஓட்டியவர். அந்த ஆறு நாளும் அண்ணன் என்னை அந்தப் பையன் செய்தியை ராத்திரி ராத்திரி தேடச் சொன்னார்.

காயம்பட்டவர்களையும் அவர்கள் கைவிடுவதில்லை. பிரிட்டனில் அடிபட்ட ஓட்டுநர்களுக்கு உதவவே ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். டென்மார்க்கின் எரிக் குண்டர்சன், மூன்று தடவை உலக சாம்பியன், 1989 செப்டம்பரில் பிராட்ஃபோர்டில் விழுந்து உயிருக்குப் போராடிப் பிழைத்தார். பிற்பாடு தன் நாட்டு அணிக்கே பொறுப்பாளர் ஆனார். அண்ணன் பாகாயத்தில் கம்பியைப் பிடித்து நிற்கப் பழகிய அதே மாசம் அது.

அண்ணனுக்கு ரொம்பப் பிடித்தவர் பெர் யோன்சன். சுவீடன்காரர், 1990-ல் உலக சாம்பியன். போலந்தில் டோருன் ஊர் அணிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். 1994-ல் பிட்கோஷ் தடத்தில் விழுந்து சக்கர நாற்காலிக்குப் போனார். பிறகு டோருனில் புது ஸ்பீட்வே மைதானம் கட்டினார்கள், 2009-ல் திறந்தது. அந்த மைதானத்தின் விலாசத்தைப் பார்த்தால் பெர் யோன்சன் தெரு, ஏழாம் எண். அண்ணன் அதை வரைபடத்தில் விரலால் பெரிசாக்கி, சின்னதாக்கி, திரும்பப் பெரிசாக்கிப் பார்த்தார். "உயிரோட இருக்கறவன் பேர்ல தெரு வெச்சிருக்கானுங்கடா. ஒரு நாளாவது அவன் அந்தத் தெருவுல சேர்ல போயிருப்பான் இல்ல?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, பதில் சொல்லவில்லை.

வேலியைப் பற்றியும் அண்ணன் நிறையப் பேசுவார். இப்போது பெரிய தடங்களில் திருப்பத்தில் காற்றடைத்த மெத்தை மாதிரி வேலி வைக்கிறார்கள். மோதினால் உள்வாங்கும். ஓட்டுபவர் மணிக்கட்டிலிருந்து ஹேண்டில்பாருக்கு ஒரு கயிறு போகும், ஆள் விழுந்தால் கயிறு இழுத்து இன்ஜின் நின்றுவிடும். இவை ஒவ்வொன்றும் யாரோ விழுந்த பிறகு வந்தவை. சவுக்குக் கம்பு நட்ட கை இது, அதனால் சொல்கிறேன்: தை மாசம் எருது விடுகிறவர்களும் சரி, பாலாற்று மணலில் வண்டி விடுகிறவர்களும் சரி, தடுப்பு கட்டும்போது அதில் ஒரு ஆள் மோதுவான் என்று நினைத்துக் கட்டுங்கள்.

இன்னொன்று. விழுந்தவன் காலை அசைக்கவில்லை என்றால் தூக்காதீர்கள். மூச்சு வருகிறதா பாருங்கள். இரண்டு கையாலும் தலையை அப்படியே பிடித்துக்கொண்டு ஒருவர் உட்காருங்கள். ஹெல்மெட்டை இழுக்காதீர்கள். 108-க்குச் சொல்லிவிட்டு, ஆளைப் படுக்கவைத்துத் தூக்கும் பலகை வரும்வரை காத்திருங்கள். என் கடைக்கு வருகிற பையன்கள் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன். சைலன்சரைக் கழற்றச் சொல்லி வருகிறவனிடமும் சொல்கிறேன்.

2015 ஆகஸ்ட் 23, ஞாயிறு. டார்சி வார்ட், ஆஸ்திரேலியப் பையன். அண்ணன் பார்த்ததிலேயே அவன் மாதிரி வண்டியைச் சாய்த்தவன் இல்லை என்பார். போலந்தில் ஜியெலோனா கூரா தடத்தில் விழுந்தான். முதுகுத்தண்டு. நாங்கள் திங்கட்கிழமை கடையில் இருக்கும்போது தெரிந்தது. இருபத்து மூன்று வயசு.

அண்ணன் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. ராத்திரி என் பொண்ணைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் இங்கிலீஷ் வரும், நான் சொல்றத அந்தப் பையனுக்கு எழுது" என்றார். அவள் போனில் தட்டத் தட்ட இவர் சொன்னார், நிறுத்தி நிறுத்தி.

"தம்பி, நான் வேலூர்லருந்து எழுதறேன். எனக்கும் இதேதான், இருபத்தாறு வருஷமாச்சி. மொதல்ல கையைப் பலமாக்கு. கால் அப்பால பாத்துக்கலாம். கண்ணாடி ஒண்ணு வாங்கிக்கோ, தினம் ரெண்டு வேளை பின்னாடி பாரு. தண்ணி நெறைய குடி. பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் உடம்பத் தூக்கி முப்பது எண்ணு. நீ வேகமா எண்ணுவே, எனக்குத் தெரியும். மெதுவா எண்ணு."

என் பொண்ணு எழுதி முடித்து நிமிர்ந்தாள். அண்ணன் அப்போது கைகளை ஊன்றி எழும்பியிருந்தார், உதடு அசைந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவர் இறங்கும்வரை காத்திருந்தோம்.