சுண்ணாம்பில் வேகும் மக்காச்சோளம்
வெறும் மக்காச்சோள மாவைப் பிசைந்து தட்டிப் பாருங்கள், விண்டு விண்டு போகும். மெக்சிகோவின் சோள ரொட்டியான டார்ட்டில்லா அப்படி மெல்லிசாக விரிவதற்குக் காரணம் சுண்ணாம்பு! சுண்ணாம்புத் தண்ணீரில் சோளத்தை வேகவைத்து ராத்திரி முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் தண்ணீர் மஞ்சளாகியிருக்கும், கழுவினால் தோல் வழுவழுவென்று கையோடு வரும். அப்புறம்தான் அரைப்பு. இப்படிப் பக்குவப்படுத்திய சோளத்துக்கு நிஸ்தமால் என்று பெயர். அரைத்த மாவை ரொட்டியாகத் தட்டி, கோமால் என்கிற கல்லில் போட்டால் உப்பிக்கொண்டு வரும். (கடையில் ராப் என்று சுருட்டித் தருகிற மைதா சமாச்சாரம் வேறு கதை.)

ருசியை விடுங்கள். சுண்ணாம்பு சேர்ந்தால்தான் சோளத்திலுள்ள நியாசின் என்கிற வைட்டமின் உடம்பில் ஒட்டும். ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் ஊருக்குக் கொண்டுபோனார்கள், பக்குவத்தை விட்டுவிட்டார்கள். வடக்கு இத்தாலியில் சோளக் களியே கதியென்று கிடந்த ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெலக்ரா நோய் வாட்டி எடுத்தது. மெக்சிகோ சமையலை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது 2010-ல்தான். ரொம்ப லேட்!