நாலு பிள்ளைகளுக்கு நாலு ஓலைக் கொட்டான்: கிறிஸ்துமஸ் பரிசு செய்து பார்த்த குறிப்பு

எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் என்றால் பிள்ளைகளுக்குப் புதுத்துணி. பாளையங்கோட்டையில் நான் வளர்ந்த காலத்தில் அதைத் தாண்டி யாரும் எதுவும் தந்ததில்லை, நாங்களும் எதிர்பார்த்ததில்லை. இப்போது அண்ணன் பிள்ளைகள் இரண்டு, தங்கச்சி பிள்ளைகள் இரண்டு. நாலு பேருக்கும் டிரஸ் எடுக்க ஆள் வரிசையில் நிற்கிறது. ஒரே பிள்ளைக்கு மூன்று டிரஸ் வந்து, அதில் ஒன்று ஈஸ்டர் வரைக்கும் கவர் பிரிக்காமல் கிடக்கும். அதனால் இந்த வருஷம் நான் துணிக்கடைப் பக்கம் போகவில்லை. முடிந்ததைக் கையால் செய்வது, முடியாததைச் செய்கிறவர்களிடமே போய் வாங்குவது என்று வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் முழுக்க வேடிக்கை பார்த்ததுதான் வேலை. "என்ன வேணும்?" என்று பிள்ளைகளிடம் கேட்டால் விளம்பரத்தில் கடைசியாகப் பார்த்ததைச் சொல்லும். யாரும் சொல்லாமலே அது எதைச் செய்துகொண்டிருக்கிறது என்று கவனித்தால் வேறு பதில் கிடைக்கும். அண்ணன் மகளுக்குப் பத்து வயசு. மொட்டை மாடிக்கு வரும் பறவைகளைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கிறாள். அவள் தம்பிக்கு ஏழு. வீட்டில் ஒரு டார்ச் லைட் முழுசாக இல்லை. தங்கச்சி மகளுக்கு நாலு. அடுப்படிப் பாத்திரம் எல்லாம் ஹாலில் இருக்கும். அவள் தம்பிக்கு ஒன்றரை. கையில் கிடைத்தது எல்லாம் வாய்க்குள்.

நாலு வயசுக்காரிக்குச் சொப்புச் சாமான் என்பதில் யோசிக்கவே இல்லை. சொப்பு கடைகிற அம்பாசமுத்திரம் பக்கத்தில்தானே இருக்கிறது. பட்டறையில் நின்று பார்ப்பதே தனிச் சுகம். மரக்கட்டை கடைசலில் சுற்றும்போது அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள்; உராயும் சூட்டில் அரக்கு இளகிச் சிவப்போ மஞ்சளோ மரத்தில் ஏறிவிடும். அப்புறம் தாழை மடலை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும்.

சிக்கல் தம்பியால் வந்தது. அக்காவின் உலக்கையும் கரண்டியும் அவன் வாய்க்குப் போக எவ்வளவு நேரமாகும்? பொம்மைப் பாதுகாப்பு விதியில் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சுமார் 32 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சின்னக் குழல். அதற்குள் முழுசாகப் போய்விடும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு ஆகாது. கடைப் பொம்மை என்றால் 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்கிற சாமானுக்கு அதில் விலக்கு உண்டு, ஆகவே சோதனை நம் பொறுப்பு. தடித்த அட்டையை அந்த அளவுக்குச் சுருட்டி ஒட்டி, அதையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார். உலக்கை, கரண்டி, குட்டி டம்ளர் எல்லாம் குழலுக்குள் சறுக்கிக்கொண்டு போயிற்று. பெரிய அளவில் அம்மி, ஆட்டுக்கல், குடம், திருகை, அடுப்பு என்று தேர்ந்தெடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஈர வெள்ளைத் துணியால் ஒவ்வொன்றையும் அழுத்தித் துடைத்ததில் சாயம் ஒட்டவில்லை. குழவிதான் தகராறு: அம்மிக் குழவி குழலுக்குள் போய்விடுகிறது. அதைத் தங்கச்சியிடம் தனியாகக் கொடுத்து, தம்பிக்கு மூன்று வயசு முடிந்ததும் எடுத்துத் தரச் சொல்லப் போகிறேன்.

அந்தத் தம்பிக்குத் துணிப் புத்தகம். பழைய பருத்திப் புடவையில் ஆறு பக்கம், ஒவ்வொன்றிலும் ஒரு படம் ஒட்டுத் தையல். பொத்தானோ மணியோ எதுவும் கிடையாது. கடித்தால் துவைத்துக்கொள்ளலாம்.

டார்ச் கழற்றுகிறவனுக்கு ரெடிமேட் கிட் பார்த்தேன். படத்தில் உள்ளபடி மாட்டினால் ஒரே ஒரு பொருள் வரும், அதோடு தீர்ந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் உதிரியாகவே வாங்கினேன்: சின்ன மோட்டார், சுவிட்ச், வயர், சிவப்பு எல்இடி கொஞ்சம், எல்இடிக்குப் போகும் கரண்டை மட்டுப்படுத்த 100 ஓம் ரெசிஸ்டர், இரண்டு பென்சில் செல் போடும் பெட்டி. பெட்டி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். வாட்சில் போடுகிற மாதிரி வட்டச் செல் மட்டும் கூடவே கூடாது. பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். கிறிஸ்துமஸ் அன்று ஒன்றரை வயசுக்காரனும் அதே ஹாலில்தான் இருப்பான்.

செய்முறையை நானே எழுதினேன். மோட்டார் வயரை மாற்றிக் கொடுத்தால் காற்றாடி எந்தப் பக்கம் சுற்றும்? எல்இடியின் நீளக் கால் பிளஸ்ஸில் இருந்தால்தான் எரியும், ஏன் என்று திருப்பிப் போட்டுப் பார். இப்படிக் கேள்வியாகவே. இரண்டு செல்லின் 3 வோல்ட்டில் சிவப்பு நன்றாக எரிகிறது. வெள்ளை எல்இடிக்கே ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், செல் கொஞ்சம் இறங்கினாலும் மங்கிவிடும், அதனால் அதை விட்டுவிட்டேன். கடைசிப் பக்கத்தில் மூங்கில் சிம்பில் செய்யும் காகித ஸ்டாரின் படம் மட்டும் இருக்கிறது. லைட்டை அதற்குள் எப்படிக் கட்டுவது என்பது அவன் பாடு.

பத்து வயசுக்காரியின் நோட்டில்தான் என் நேரம் எல்லாம் போயிற்று. நாலு தாளை ஒன்றாக மடித்தால் பதினாறு பக்கம். அப்படிப் பல மடிப்புகளைத் தைத்துச் சேர்க்க வேண்டும். தாளுக்கும் மரம் மாதிரி ஓட்டம் உண்டு. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்தத் திசையில் மடித்தால் நோட்டு விரித்த இடத்தில் படுத்துக் கிடக்கும். மாற்றி மடித்தால் முறைத்துக்கொண்டு நிற்கும். நூலை மெழுகுவர்த்தியில் இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது. பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளை கையில் புழங்கும் நோட்டுக்கு வேண்டாம் என்று ஃபெவிகாலோடு நிறுத்திக்கொண்டேன். முதல் பக்கத்தில் நாள், நேரம், இடம், எத்தனை என்று கட்டம் போட்டு, தாமிரபரணிக் கரையில் நான் பார்த்த மடையான் கொக்கை முதல் வரியாக எழுதிவைத்திருக்கிறேன்.

கூடவே ஒரு பைனாகுலர், அண்ணனும் நானும் பாதிப் பாதி. 8 மடங்குக்கு மேல் போகவில்லை. பெருக்கம் கூடக்கூடக் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், பிள்ளைக்குப் பறவையே சிக்காது. வாங்கும்போது இரண்டு குழலும் நன்றாக நெருங்கி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். சின்ன முகத்தில் கண்களுக்கு இடையே தூரம் குறைவு.

மதினிக்கு இதில் ஒரு கவலை. "ஒண்ணுக்குப் பைனாகுலரு, ஒண்ணுக்குத் துணிப் பொஸ்தகமா? சண்டை வரும், பாத்துக்கோ" என்றாள். நியாயம்தான். ஆனால் இந்த வயசில் அவர்கள் விலையைப் பார்ப்பதில்லை, பொட்டலத்தின் அளவைப் பார்க்கிறார்கள். அதனால் நாலு பேருக்கும் ஒரே அளவில் மூடி போட்ட பனை ஓலைக் கொட்டான். மேலே சுற்றும் காகிதச் செலவும் மிச்சம், பிற்பாடு அதில் எதையாவது போட்டும் வைத்துக்கொள்ளலாம். சொப்பு அடுப்பு மட்டும் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அதை வெளியே கட்டித் தொங்கவிட வேண்டியதுதான்.

அரையாண்டுத் தேர்வு முடியும் வரை எல்லாம் என் பீரோவுக்குள். 25ஆம் தேதி விடியற்காலை ஆராதனை, கேக், உறவுக்காரர் வரவு என்று பிள்ளைகள் அரைத் தூக்கத்தில் இருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் கொட்டானைக் கொடுப்பேன். பைனாகுலரை வைத்துக்கொண்டு காக்காயை மட்டும் பார்க்க முடியாது, ஆகவே ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கூந்தன்குளம் போகிறோம். நாங்குநேரிப் பக்கம், 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த குளம். கூழைக்கடாவும் வரித்தலை வாத்தும் வருகிற பருவம். அண்ணன் வண்டி தருவதாகச் சொல்லியிருக்கிறான். நோட்டுக்கு அட்டை ஒட்டுகிற வேலை மட்டும் இன்னும் பாக்கி.