சிங்காராவுக்கு மழைதான் பயம்

நேற்று இரவு இங்கே இந்த வருடத்தின் முதல் மழை. ஜெய்சல்மேரில் ஒரு வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல மழை என்பார்கள். ஊரே சந்தோஷமாக இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. சிங்காரா என்கிற இந்தப் பாலைவனச் சிறுமான்கள் என்ன ஆகுமோ என்றே ஓடிக்கொண்டிருந்தது மனசு.

காற்றாலைப் பராமரிப்பு வேலைக்காக இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. முதல் நாள் தூரத்தில் பார்த்தபோது வெள்ளாடு என்றுதான் நினைத்தேன். தோள்வரை அளந்தால் 65 சென்டிமீட்டர், எடை 23 கிலோ, அவ்வளவுதான் உருவம். நாம் மான் என்று பொதுவாகச் சொன்னாலும் இது புள்ளிமான் இனம் இல்லை. புள்ளிமானின் கொம்பு விழுந்து மறுபடி முளைக்கும். சிங்காராவின் கொம்பு ஆயுசுக்கும் அதேதான். வெளிமானில் கிடாவுக்கு மட்டும்தான் பொதுவாகக் கொம்பு இருக்கும். இதில் பெட்டைக்கும் உண்டு.

அந்தப் பெட்டைக் கொம்பை நான் பக்கத்தில் பார்த்தது போன வருடம் மே மாதம். உச்சி வெயில், 45 டிகிரிக்கு மேல். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் வேலை முடித்து நிமிர்ந்தால், காற்றாலைக் கோபுரத்தின் நிழலில் ஒரு பெட்டை படுத்திருக்கிறது. பதினைந்து அடி தூரம்கூட இருக்காது. கொம்பு பென்சில் பருமனில், வளையம் இல்லாமல் நேராக இருந்தது. கண்ணின் ஓரத்திலிருந்து மூக்கு வரை ஒரு கரும்பழுப்புக் கோடு, அதை ஒட்டி வெள்ளைக் கோடு. முதுகு அசல் மணல் நிறம், வயிறு சுண்ணாம்பு வெள்ளை. கறுப்பு வால் மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டே இருந்தது. நிழல் நகர நகர அதுவும் எழுந்து நாலடி தள்ளிப் படுக்கும். அரை மணி நேரம் நான் அசையவில்லை. கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்ததும் எழுந்து முன்காலால் தரையைத் தட்டியது, மூக்கால் தும்மியது, அப்புறம் பாய்ந்து ஓடிவிட்டது. தும்மல்தான் அதன் எச்சரிக்கைக் குரல்.

அந்த வெயிலிலும் அது தண்ணீர் தேடி அலையவில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். இலையில் இருக்கிற ஈரமும் விடியற்காலைப் பனியும் அதற்குப் பல நாள் போதும். காட்டு இலந்தையின் இலை, கெஜ்ரி மரத்தின் இலையும் நெற்றும் விருப்பமான தீனி. கெஜ்ரி வேறொன்றும் இல்லை, நம் வன்னி மரம்தான்.

இப்படி வறட்சிக்கென்றே பிறந்த உயிரை மழை கொல்கிறது. சிங்காராவின் குளம்பு சிறியது, கூர்மையானது. காய்ந்த மணலில் நாயெல்லாம் அதன் கிட்டேகூட வர முடியாது. மண் நனைந்துவிட்டால் குளம்பு புதைகிறது, வேகம் போய்விடுகிறது. நாய்க்கு அகலப் பாதம், அதற்குச் சிரமம் இல்லை. போதாததற்கு வயல்களைச் சுற்றிக் கம்பி வேலி. போன மழைக்காலத்தில் ஒரு கிடா வேலியைத் தாண்டாமல் அதன் ஓரமாகவே ஓடி ஓடி, கடைசியில் மூன்று நாய்களிடம் மாட்டியதை வண்டியிலிருந்து பார்த்தேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. காற்றாலைக்காகப் போட்ட சாலைகளில்தான் அந்த நாய்கள் சுற்றுகின்றன, எங்கள் சாப்பாட்டு மிச்சத்தைத் தின்றுதான் வளர்கின்றன. அன்றிலிருந்து மிச்சத்தை வெளியே கொட்ட நான் யாரையும் விடுவதில்லை.

எங்கள் வண்டி ஓட்டுநர், மரத்தையும் மானையும் காப்பதை மதக் கடமையாகக் கொண்ட பிஷ்னோய் சமூகத்தவர். 1730இல் கேஜர்லி கிராமத்தில் கெஜ்ரி மரங்களை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து 363 பேர் உயிர்விட்ட வம்சம். தாயில்லாத சிங்காராக் குட்டி ஒன்றை அவருடைய அம்மா வீட்டில் வளர்த்ததை, தங்கை பிறந்த கதை மாதிரி சொல்வார். சிங்காராவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் வைத்துப் பாதுகாக்கிறது, சரி. ஆனால் மழை பெய்த மறுநாள் காலையில் அந்த வேலி ஓரத்தில் நிற்பது இவரைப் போன்றவர்கள்தான்.

இன்று விடிவதற்கு முன்பே கதவைத் தட்டினார். "பாய்-சா, ஈரம் நிறைய இருக்கு, வாங்க" என்றார். கையில் நீளமான கழி. ஏழாம் எண் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டை நின்றிருந்தது, குளம்பெல்லாம் சேறு. அது அடிக்கடி திரும்பிப் பார்த்த புதரில் குட்டி ஒடுங்கிக் கிடந்தது. தரையோடு தரையாக, காதுகூட அசையாமல். இருநூறு அடி தள்ளி இரண்டு நாய்கள். ஓட்டுநர் அவற்றைச் சாலைக்கு அந்தப் பக்கம் விரட்டிவிட்டு, திரும்பி வந்து நடுவில் வண்டியை நிறுத்தினார். பத்து மணிக்கு மேல் மணலின் நிறம் வெளுக்கத் தொடங்கியது. தாய் போய்ப் புதரை முகர்ந்தது. குட்டி எழுந்து பால் குடித்துவிட்டு அதன் பின்னாலேயே நடந்தது. காய்ந்த மேட்டில் அவை ஏறி மறையும்வரை அவர் சாவியைத் தொடவில்லை.