மதிப்பீட்டாளர் பரிந்துரைப் பெட்டி

ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்பும் இணையப் படிவங்கள் பலவற்றில் ஒரு பெட்டி இருக்கும்: 'மதிப்பீட்டாளராக யாரைப் பரிந்துரைக்கிறீர்கள்? பெயரும் மின்னஞ்சலும் தருக.' மதிப்பீட்டாளர் என்பவர் கட்டுரை வெளியிடத் தகுந்ததா என்று படித்துச் சொல்லும் அதே துறை வல்லுநர். மோசடிக்கு இந்தப் பெட்டியே போதும். நிஜப் பேராசிரியரின் பெயர், பக்கத்தில் தானே தொடங்கிய ஜிமெயில் முகவரி. பிறகென்ன, தன் கட்டுரைக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ளலாம்.

2012இல் தென்கொரிய ஆய்வாளர் ஒருவர் மாட்டியதே வேகத்தால்தான். மதிப்புரைகள் 24 மணி நேரத்துக்குள் வந்துகொண்டிருந்தன. (நிஜ மதிப்பீட்டாளரிடம் மூன்று நினைவூட்டலாவது அனுப்ப வேண்டியிருக்கும்!) 2014இல் சேஜ் பதிப்பகம் அதிர்வியல் இதழ் ஒன்றிலிருந்து 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது, பின்னணியில் சுமார் 130 போலிக் கணக்குகள். 2017இல் 'டியூமர் பயாலஜி' இதழின் 107 கட்டுரைகள் இதே மோசடியால் ஒரே நாளில் திரும்பப் பெறப்பட்டன. அது புற்றுநோய் ஆய்விதழ் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

இதழாசிரியர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. சம்பளமில்லாத மதிப்பீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. பத்துப் பேரிடம் கேட்டு அலுத்தவர் அந்தப் பெட்டியைத்தான் திறப்பார்.

செய்யக்கூடியவை எளிமையானவை. படிவத்தில் உள்ள முகவரிக்கு அனுப்பாமல், பல்கலைக்கழகப் பக்கத்திலோ அவரது அண்மைக் கட்டுரையிலோ உள்ள முகவரிக்கு அனுப்புவது. ஒரு மதிப்பீட்டாளரையாவது பரிந்துரைக்கு வெளியே தேர்ந்தெடுப்பது. கடந்த சில ஆண்டுகளில் கட்டுரையாளரோடு சேர்ந்து எழுதியவர்களை விலக்குவது.

என் பார்வையில் இவற்றைவிட முக்கியம், மதிப்புரைகளைக் கட்டுரையோடு சேர்த்து வெளியிடுவது. மதிப்பீட்டாளரின் பெயர்கூட வேண்டாம். எம்போ (EMBO) என்ற உயிரியல் ஆய்விதழ் 2009 முதல் இப்படித்தான் செய்கிறது. 'அருமை, அப்படியே வெளியிடலாம்' என்ற இரண்டு வரி மதிப்புரை எல்லோர் கண்ணிலும் படும் என்றால், அதை ஏற்றுக்கொள்ள இதழாசிரியரே தயங்குவார்.