பழைய வேட்டி, புதுப் பிள்ளை

ஏப்ரல் 20, 2025, ஞாயிறு

மகளுக்கு ஜூன் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். வளைகாப்பு முடிந்து அம்பாசமுத்திரத்துக்கு வந்துவிட்டாள். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்வரை இனி இங்கேதான். அதற்குள் வீட்டில் என்னென்ன தைக்க வேண்டும், வறுக்க வேண்டும், இடிக்க வேண்டும் என்று நானும் மாமியாரும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். மாமியாருக்கு எண்பத்து மூன்று வயது. எனக்கு அத்தை, மற்ற எல்லோருக்கும் ஆச்சி. இங்கே ஆச்சி என்றே எழுதுகிறேன். மாப்பிள்ளை என்னை அத்தை என்பார். இரண்டு அத்தை இருந்தால் படிப்பவர்களுக்குக் குழப்பம்.

ஆச்சி சொல்லச் சொல்ல, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். பீத்துணி, ஜப்லா, சேலை மெத்தை, தொட்டில் சேலை, சாந்து, கண்மை, வசம்பு, பிரசவ மருந்து, சேனைக்குச் சீனி. மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். பேனாவை எடுத்துக் கண்மையை அடித்தாள், வசம்பை அடித்தாள், சேனையை இரண்டு கோடு போட்டு அடித்தாள். அவளுக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. எதையும் அடிக்கக் கை கூசாது. ஆச்சி அப்போது கண்ணாடி போட்டிருக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

பீத்துணிக்குப் பழைய வேட்டிதான். கடையில் அட்டைப்பெட்டியில் விற்கிற வெள்ளைத் துணியும் பருத்திதான், ஆனால் அதில் கஞ்சி இருக்கிறது. பத்துத் தடவை துவைத்தாலும் பத்து வருஷம் துவைத்த துணியின் பதம் வராது.

என் வீட்டுக்காரர் பத்து வருஷமாக லுங்கிக்கும் பேன்ட்டுக்கும் மாறிவிட்டார். அவர் பெட்டியில் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற, மொடமொடவென்று இருக்கிற இரண்டு வேட்டிகளைத் தவிர ஒன்றுமில்லை. ஆச்சிதான் தன் தகரப் பெட்டியைத் திறந்தாள். மாமனாருடைய எட்டு முழ வேட்டிகள். அவர் போய் வெகுகாலம் ஆகிறது. வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் போட்டு, மடித்துத் திரும்ப வைத்துவிடுவாள்; யாரையும் தொட விடமாட்டாள்.

“இதையா அத்தை?” என்று கேட்டேன்.

“பின்னே, நான் போகும்போது கூடவா கொண்டுபோகப் போறேன்? கரையைக் கிழிச்சுத் தள்ளுட்டீ. சரிகை பிள்ளைக்கு உறுத்தும்.”

கத்தரிக்கோல் ஓரத்தில் ஒரு வெட்டு கொடுத்து, பிறகு கையால் கிழிக்க வேண்டும். இழை பிடித்துக்கொண்டு நேராகப் போகும். ஓரம் மடித்து அடிக்கக் கூடாது. அந்தத் தையல்தான் தொடையிடுக்கில் உரசிச் சிவக்க வைக்கும். நூல் பிரிந்தால் பிரியட்டும். ஒரு முழத்துக்கும் கொஞ்சம் கூட வருகிற சதுரம், குறுக்கே மடித்தால் முக்கோணம். கிழித்ததை எல்லாம் அண்டாவில் கொதிக்க வைத்து மாடியில் போட்டேன். ஆச்சி கீழே நின்று கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, காக்கா வருகிறதா என்று பார்க்கிறாளாம்.

மே 4, ஞாயிறு

இன்று அக்னி நட்சத்திரம் தொடக்கம். சாந்து காய்ச்ச இதைவிட நல்ல வெயில் கிடைக்காது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் விவரமாக எழுதுகிறேன். இரும்புச் சட்டியில் இரண்டு கை ஜவ்வரிசியைப் போட்டு வறுக்க வேண்டும். முதலில் பொரியும், பிறகு சிவக்கும், பிறகு புகைந்து கருகும். சமையலில் இந்த இடத்தில் அடுப்பை அணைப்போம். சாந்துக்கு இந்த இடத்தில்தான் ஆரம்பம். கருகி ஒன்றோடொன்று ஒட்டித் தாராக இளகும்போது தண்ணீரைத் தள்ளி நின்று ஊற்ற வேண்டும், சீறிக்கொண்டு தெறிக்கும். அது கரைந்து, கொதித்து, வற்றிக் கெட்டியானதும் மெல்லிய துணியில் வடிகட்டி, சுரண்டிச் சுத்தம் பண்ணிய சிரட்டையில் ஊற்றி வெயிலில் வைக்க வேண்டும். ஒரே தடவையில் நிறைய ஊற்றினால் மேலே ஆடை கட்டி உள்ளே காயாது. கொஞ்சம் ஊற்றி, காய்ந்த பிறகு அதன்மேல் கொஞ்சம். நன்றாக இறுகிவிட்டால் வருஷக்கணக்கில் இருக்கும். வேண்டும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்தால் மை ஊறும்.

கண்மையை அடித்த மகள் இதை அடிக்கவில்லை. கண்ணுக்குள் விரல் போவதுதான் அவளுக்குப் பிரச்சினை. கடை மையில் ஈயம் இருக்கலாம், வீட்டு மையில் ஈயம் இல்லாவிட்டாலும் நகத்தில் அழுக்கு இருக்கும் என்கிறாள். கன்னத்திலும் உள்ளங்காலிலும் பொட்டு வைத்துக்கொள்ளட்டும் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் முதலில் தன் மணிக்கட்டில் வைத்து ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான். லேப் புத்தி.

வீடு முழுக்கக் கருகல் வாடை. சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “என்ன, பால் அடிப்பிடிச்சுட்டா?” என்றாள்.

மே 18, ஞாயிறு

சேலை மெத்தை முடிந்தது. நாலு சேலை. இரண்டு என்னுடையவை, ஒன்று ஆச்சியின் சுங்குடி, ஒன்று மகள் கல்லூரியில் ஓணத்துக்குக் கட்டிய கேரளச் சேலை. நான்கும் பருத்தி. ஆச்சியின் சுங்குடியைக் கடைசி மடிப்பாக மேலே வைத்தேன். அத்தனையிலும் அதுதான் மெத்து.

நான் ஊருக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறவள். ஆனால் இந்த மெத்தையை மெஷினில் போட மனம் வரவில்லை. மெஷினில் ஓட்டலாம், 16ஆம் நம்பர் ஊசி தாங்கும். ஆனால் தையல் இறுக்கமாக விழுந்து மெத்தை அட்டையாக நிற்கும். கையால் ஓட்டினால் நூல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஓட்ட வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் துணி எல்லாம் நடுவில் வந்து பொதியும், அப்புறம் நீவ முடியாது.

மகள் நடுவில் வந்து உட்கார்ந்து, தானும் இரண்டு வரி ஓட்டினாள். கோணல்மாணல். பிரித்துவிட்டுத் தைக்கலாம் என்று தொழில்புத்தி அரித்தது. விட்டுவிட்டேன்.

ஜப்லா ஆறு தைத்தாயிற்று. பட்டன் இல்லை, ஊக்கு இல்லை, நாடாதான். தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி. பார்க்கிறவர்கள் திருப்பிப் போட்டிருக்கிறீர்களே என்பார்கள், என்றால் என்ன.

ஜூன் 1, ஞாயிறு

ஆச்சி இன்று கண்ணாடி போட்டுக்கொண்டு பட்டியலைப் படித்துவிட்டாள்.

கண்மைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வசம்புக்கு முகத்தைச் சுளித்தாள். பிள்ளை கையில் வசம்பு வளையல் போட்டால் அது வாயில் வைத்துச் சப்பும், வசம்பு வயிற்றுக்குள் போகக் கூடாது என்று மகள் சொன்னதற்கு, “பேர் சொல்லா மருந்துன்னு பேரு அதுக்கு. நீ பேரும் சொல்லுத, குத்தமும் சொல்லுத” என்றாள். அதோடு விட்டாள். சேனையில்தான் சண்டை.

பிறந்த பிள்ளை நாக்கில் சீனித் தண்ணீரோ தேனோ ஒரு துளி தொட்டு வைப்பது சேனை. வைக்கிறவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் யார் வைப்பது என்று குடும்பங்களில் போட்டியே நடக்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, தேன் ஒரு வயசு வரைக்கும் கூடாது, அதில் கிருமி வித்து இருந்தால் பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் என்று மகள் பாடம் எடுத்தாள்.

“உங்கப்பனுக்கு நான் பெத்த அன்னைக்கு எங்க மாமியார்தான் சேனை வச்சாவ. செத்தா போனான்?”

“அதான் அப்பா இப்படிப் பிடிவாதமா இருக்காவளா ஆச்சி?”

ஆச்சி சிரித்துவிட்டாள். ஆனால் இறங்கி வரவில்லை. சீம்பாலையே பீய்ச்சிக் கொட்டிவிட்டு மூன்று நாள் சீனித் தண்ணீர் கொடுத்த காலம் அவளுடையது. அதை அவளே சொன்னாள். “அது தப்புன்னு பொறவு சொன்னாவ, விட்டுட்டோம். இதையும் தப்புங்க. அப்ப நான் என்னத்தைத்தான் செய்ய?”

அதற்கு மகளிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. கையால் செய்ததெல்லாம் அமிர்தம், ஆஸ்பத்திரி சொல்வதெல்லாம் வெள்ளைக்காரன் சூழ்ச்சி என்று போனில் வருகிற செய்திகளை நான் நம்புகிறவள் இல்லை. பிள்ளை விஷயத்தில் டாக்டர் சொன்னதுதான் சட்டம். ஆனால் எண்பத்து மூன்று வயசில் ஒருத்தி செய்வதற்கு ஒரு வேலை கேட்கிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

பிரசவ மருந்து இடித்தோம். சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், சீரகம், சித்தரத்தை, விரலி மஞ்சள். எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து இடித்துச் சலித்து வைத்தாயிற்று. பிரசவத்துக்கு அப்புறம் கருப்பட்டிப் பாகில் போட்டு நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுக் கிளற வேண்டியதுதான் பாக்கி. இதை மகள் அடிக்கவில்லை. டாக்டரிடம் கேட்டாளாம், கொஞ்சமாகச் சாப்பிடச் சொன்னாராம். அரசாங்கமே 2015இல் அரசு ஆஸ்பத்திரிகளில் பிள்ளை பெற்றவர்களுக்கு 16 பொருள் வைத்து ஒரு பெட்டகம் கொடுக்க ஆரம்பித்ததே, அதற்குள்ளும் சௌபாக்கிய சுண்டி லேகியம் இருந்தது.

கருப்பட்டி வாங்கப் போனது வீட்டுக்காரர். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அன்றிலிருந்து கடையில் இருக்கிற எல்லாக் கருப்பட்டியும் உடன்குடிக் கருப்பட்டி ஆகிவிட்டது. அவர் உடன்குடிக்கே பஸ் ஏறிப் போய்விட்டார். திரும்பி வரும்போது மணப்பாட்டில் பனையோலைக் கிலுகிலுப்பையும் ஒன்று வாங்கி வந்து, யாரும் கேட்காமலேயே ஆட்டி ஆட்டிக் காட்டினார்.

ஜூன் 24, செவ்வாய்

பெண் குழந்தை. விடியற்காலை. சுகப்பிரசவம். இரண்டு பேரும் நலம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பிள்ளையைத் துடைத்து, நாங்கள் கொண்டுபோன வேட்டித் துணியில்தான் சுற்றிக் கொடுத்தார்கள். “நல்ல மெத்துத் துணியா கொண்டுவந்திருக்கீங்க” என்றார்கள். ஆச்சி யாரிடமும் எதுவும் சொல்லாமல் அந்தத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

பத்து மணி வாக்கில் மகள் இட்லி சாப்பிட்டு முடித்ததும் ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே காகிதப் பொட்டலம், அதில் சீனி. எனக்குத் திக்கென்றது. மகள் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

“பயப்படாதட்டீ. வாயைத் திற.”

மகள் வாயில் ஒரு சிட்டிகை சீனியைப் போட்டாள். “பிள்ளை குடிக்கிற பால் உங்கிட்ட இருந்துதானே வருது. நான் வைக்க வேண்டிய இடத்துல வச்சுட்டேன். எந்த டாக்டர் வந்து கேக்காருன்னு பாப்போம்.”

ஜூலை 6, ஞாயிறு

சாரல். குற்றாலத்துக்கு நல்லது, பீத்துணிக்கு ஆகாது. மாடிக் கொடி வீண். நடுக்கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி ஃபேனைப் போட்டுவிட்டிருக்கிறோம். வருகிறவர்கள் குனிந்து குனிந்து நடக்கிறார்கள். கடைசி ஈரத்துக்கு இஸ்திரிப் பெட்டி. இரவுக்கு மட்டும் கடை டயப்பர் என்று மகள் முடிவு பண்ணினாள், நான் எதிர்க்கவில்லை. மூன்று மணிக்கு எழுந்து துணி மாற்றிய வீரம் எனக்கு ஒருதரம் போதும்.

மகளுக்கு உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். பூண்டு அடுப்பிலேயே குடியிருக்கிறது. பிரசவ மருந்தைச் சுண்டைக்காய் அளவு உருட்டிக் கொடுத்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குகிறாள். வீட்டுக்காரர் ஒரு உருண்டையைத் திருடித் தின்றுவிட்டு, ருசியாகத்தானே இருக்கிறது என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

மாப்பிள்ளை வந்திருக்கிறார். மடக்குகிற தொட்டில் ஒன்றைச் சென்னையிலிருந்து காரில் வைத்துக் கொண்டுவந்தார். வலை, சக்கரம், பாட்டுப் பெட்டி எல்லாம் உண்டு. ராத்திரி பிள்ளை அதில்தான், மல்லாக்கப் படுத்து, பக்கத்தில் தலையணை எதுவும் இல்லாமல். பகலில் தூளி, அதுவும் ஆள் பக்கத்தில் இருந்தால் மட்டும். இது மகள் போட்ட சட்டம். ஆச்சிக்கும் சம்மதம், ஏனென்றால் அந்த ஆள் ஆச்சிதான்.

தூளிக்குச் சேலை கட்ட மாப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாள். கொக்கியில் எங்கே முடிச்சு விழ வேண்டும், சேலை மூடிக்கொள்ளாமல் இருக்க இரண்டு பக்கமும் விரிக்கிற கம்பு எந்த உயரத்தில் நிற்க வேண்டும், தரைக்கும் தூளிக்கும் எவ்வளவு இடைவெளி. கட்டி முடித்ததும் பிள்ளைக்கு முன்னால் பத்துக் கிலோ அரிசி மூட்டையைப் போட்டு ஆட்டிப் பார்க்கச் சொன்னாள். மாப்பிள்ளை படித்தது சிவில். முடிச்சைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

பிள்ளையின் கன்னத்தில் சாந்துப் பொட்டு. அதே சாந்து மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைத் தோளிலும் இருக்கிறது. துவைத்தால் போகும், ஜவ்வரிசிதானே.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பக்கத்து வீட்டு அக்கா மெத்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் பேரனுக்கும் ஒன்று தைத்துத் தருவாயா, கூலி எவ்வளவு என்று கேட்டாள். ரவிக்கைக்கு என்றால் உடனே சொல்லியிருப்பேன். கையால் ஓட்டிய நாட்களைக் கணக்குப் பார்த்துக் கூலி கேட்டால் அவள் இந்தப் பக்கமே வரமாட்டாள். யோசித்து, சாயங்காலங்களில் அவளே வந்து உட்கார்ந்து ஓட்டட்டும், நான் வெட்டி அடுக்கிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கே வருகிறாளாம். சேலை நாலு, எல்லாம் பருத்தியாக இருக்க வேண்டும், நைலக்ஸ் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.