ஊர் வாய்க்கு யார் பதில் சொல்வது?

திருகோணமலையில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை; எல்லாருக்கும் நான் 'மிஸ்' தான். கர்ப்பிணி இருக்கிற வீடு, குழந்தை பிறந்த வீடு, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்று நாள் முழுக்க வீடு வீடாகப் போவேன். கிளினிக்கில் தாய் என்ன சொல்கிறாள் என்பது டொக்டருக்குத் தெரியும். வீட்டில் அவளுக்கு யார் என்ன சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பிள்ளைக்கு ஓட்டிசம், அதாவது மற்றவர்களோடு பழகுவதும் கதைப்பதும் வேறு மாதிரி இருக்கிற வளர்ச்சி நிலை, இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு மிக அதிகம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான், வேண்டியதை விரலால் காட்டமாட்டான், இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துக் கதைக்கமாட்டான். தாய்தான் முதலில் கவனிப்பாள். பிள்ளையின் சுகாதார அட்டையில் வளர்ச்சிப் படிகளைக் குறிக்கவும் இடம் இருக்கிறது. வீட்டில் மற்றவர்கள் பார்ப்பதோ எடைக் கோட்டை மட்டும். எடை சரி என்றால் பிள்ளை சரி. "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவன்" என்று அவள் வாயை அடைத்துவிடுவார்கள். பிறகு டொக்டர் ஓட்டிசம் என்று சொன்னதும், அதே ஆட்கள் அவள் பக்கம் திரும்புவார்கள். "போனைக் குடுத்துப் பழக்கினது நீதானே." "கிரகணத்தண்டு வெளியில போகாத எண்டு சொன்னனான்."

தாயின் தலையில் பழியைப் போடுவது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. 1943இல் லியோ கனர் என்ற மனநல வைத்தியர் ஓட்டிசத்தைப் பற்றி எழுதிய பிறகு, பாசம் காட்டாத தாயால்தான் இது வருகிறது என்று மேற்கு நாடுகளில் படித்த வைத்தியர்களே பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1964இல் பேர்னாட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் அதை மறுத்து, இது உடல் சம்பந்தப்பட்ட காரணங்களால் வருவது என்று வாதாடினார். அவருடைய மகனுக்கும் ஓட்டிசம். இந்தக் கதையைத் தாய்மாருக்குச் சொல்வேன். தன்னைப் போல எத்தனையோ பேர் இந்தப் பழியைச் சுமந்திருக்கிறார்கள், அது பொய் என்று ஆகியும் விட்டது என்று கேட்கும்போது சிலர் அழுதுவிடுவார்கள்.

ஊசி போட்டதால் வந்ததா என்றும் எங்களிடம் கேட்பார்கள். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா வராமல் போடுகிற எம்.எம்.ஆர் ஊசியைச் சந்தேகிக்க வைத்த 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் மீளப்பெற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் அந்தப் பயம் போகவில்லை. கோபப்படாமல் ஒவ்வொரு முறையும் விளக்குகிறேன், ஏனென்றால் அந்தப் பயத்தில் தங்கச்சிப் பிள்ளையின் ஊசியையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

டவுனுக்குள் ஒரு வீடு. தகப்பன் கட்டாரில். தாயும் மகனும் மாமியோடு இருந்தார்கள். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வருகிற நாட்களில் அந்த வீதி முழுக்க நிறைகுடமும் சனமும்தான். மேளச் சத்தம் கிட்ட வர, பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்க் கத்தியிருக்கிறான். கும்பிட வந்த சொந்தக்காரர் ஒருவர், "சுவாமி வரேக்க கத்துறான் எண்டால் என்னவோ பிடிச்சிருக்கு, நூல் கட்டுங்கோ" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறார். மாமி ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தாய் ஒழுங்கைக் கடைக்குக்கூடப் பிள்ளையைக் கூட்டிப் போவதை விட்டுவிட்டாள்.

அந்தச் சொந்தக்காரரின் பேச்சைவிட மாமி பேசாமல் நின்றதுதான் அவளுக்கு வலித்தது. அதனால் நான் கதைத்தது மாமியோடு. ஓட்டிசம் என்றால் என்ன என்று நீட்டி விளக்கவில்லை. பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில் சொல்லிக் கொடுத்த ஒன்றை மாமியின் பொறுப்பில் விட்டேன்: பின்னேரம் பிஸ்கட் கொடுக்கும்போது பிள்ளையின் முகத்துக்கு நேரே இருங்கோ, அவன் உங்களைப் பார்க்கும் வரைக்கும் பொறுத்திருங்கோ, பார்த்ததும் 'தா' என்று ஒரு சொல்லை மட்டும் சொல்லிக் குடுங்கோ. "இதெல்லாம் தாய்க்காரி செய்யவேண்டிய வேலை" என்றார். "அவ சமைக்கிற நேரம் மாமி, நீங்கதானே சும்மா இருக்கிறீங்க" என்றேன். முகம் சுண்டிப்போனது. ஆனால் செய்தார்.

கொஞ்ச நாள் கழித்துப் போனபோது மாமியே வாசலுக்கு வந்தார். "மிஸ், இவனுக்குக் குக்கர் விசில்தான் ஆகாது. நான் இப்ப முதலே சொல்லிப்போட்டுத்தான் அடுப்பில வைக்கிறன். சொன்னால் காதைப் பொத்திக்கொண்டு நிற்பான், கத்தமாட்டான்." இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்ததில் தானாகப் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு அக்கா வந்து பழைய கதையைத் தொடங்கியபோது, "அவனுக்குச் சத்தம் ஒத்துவராது, நீங்க மெல்லக் கதையுங்கோ" என்று சொல்லிவிட்டாராம். தாய் அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்த நிம்மதியை நான் வேறு எதிலும் கேட்டதில்லை.

விளக்கம் கேட்டு மனம் மாறியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பிள்ளையோடு தினமும் கொஞ்ச நேரம் இருந்து மாறியவர்கள்தான் கூட. எனவே வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்காகப் பாடுபடலாம். பஸ்ஸில் திரும்பிப் பார்க்கிறவருக்கும் கடையில் உச்சுக் கொட்டுகிறவருக்கும் தாய் பதில் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. 'அவன் இப்படித்தான், பரவாயில்லை' என்று சொல்லிவிட்டு நடக்கலாம். ஒன்றுக்கு மட்டும் இடம் கொடுக்கக்கூடாது: பிள்ளைக்கு முன்னாலேயே அவனைப் பற்றி இரங்கிப் பேசுவது. கதைக்காத பிள்ளைக்கு விளங்காது என்று நினைக்கிறார்கள். விளங்கும். அந்த இடத்தில் பேச்சை வெட்டினால் மரியாதைக் குறைவு இல்லை.

அந்த டவுன் வீட்டுப் பிள்ளையைத் தரம் ஒன்றுக்குச் சேர்க்கப் போன ஒரு பாடசாலையில், "மற்றப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல்" என்று திருப்பி அனுப்பினார்கள். வலது குறைவைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுக்கக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை மாமியும் சித்தப்பாவும் கூடப் போனார்கள். மூன்று பேர் வந்து இருந்ததும் அதிபரின் பேச்சில் கொஞ்சம் மாற்றம். கடைசியில் விசேட கல்வி அலகு இருக்கிற வேறொரு பாடசாலையில் இடம் கிடைத்தது. முதல் பாடசாலை மறுத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது என் பகுதியில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், தாயைத் தனியாக வரவேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அம்மம்மாவோ மாமியோ வீட்டில் அதிகம் பேசுகிற ஆள் யாரோ, அவரும் கிளினிக்குக்கு வரவேண்டும். தகப்பன் வெளிநாட்டில் என்றால் வீடியோ கோலில் இருக்கவேண்டும். டொக்டர் சொல்வதை எல்லாரும் ஒன்றாகக் கேட்கட்டும்.