கால் எங்கே முடிகிறது என்று மட்டும் கேட்ட அறை

2018 ஆம் ஆண்டு ஒக்டோபர் 6 முதல் 13 வரை இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் நடைபெற்ற ஆசியப் பரா விளையாட்டுப் போட்டிகளுக்குச் சென்ற இலங்கை அணியில், முள்ளியவளையைச் சேர்ந்த நானும் ஈட்டி எறிபவனாக இடம்பெற்றிருந்தேன். அந்தப் பயணத்தைப் பற்றி விசாரிப்பவர்கள் எல்லோரும் எத்தனை மீற்றர் எறிந்தாய் என்றே கேட்கிறார்கள். எறிவதற்கு முன்னர் நான் கடக்க வேண்டியிருந்த வகைப்படுத்தல் என்ற நடைமுறையைப் பற்றி எவரும் கேட்பதில்லை. வன்னியில் கையையோ காலையோ இழந்து, விளையாட்டில் விருப்பம் இருந்தும் அடுத்த அடி எங்கே வைப்பது என்று தெரியாமல் இருக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படும் என்பதால் அதனை விரிவாக எழுதுகிறேன்.

பரா விளையாட்டில் காலில்லை, கையில்லை என்று சொன்னால் மட்டும் களத்தில் இறங்க முடியாது. எந்த உறுப்பு எந்த அளவுக்கு இல்லை, எஞ்சிய பகுதி எவ்வளவு இயங்குகிறது என்பதைப் பயிற்சி பெற்ற குழுவொன்று சோதித்து, வீரரை ஒரு பிரிவில் சேர்க்க வேண்டும். எறிதல் போட்டிகளுக்கு எஃப் என்ற எழுத்தும் ஓட்டங்களுக்கும் பாய்தல்களுக்கும் ரீ என்ற எழுத்தும் முன்னால் வரும். எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக் காலுடன் எறிகிறேன். ஆகவே என்னுடைய பிரிவு எஃப் 64. அதுவரை உள்ளூர்ப் போட்டிகளின் பெறுபேற்றுத் தாள்களில் எஃப் 44 என்றுதான் எழுதியிருந்தார்கள். செயற்கைக் கால் அணிந்து போட்டியிடுபவர்களுக்கென்று 61 முதல் 64 வரையான புதிய பிரிவுகள் 2018 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தன என்பது எங்கள் பக்கத்தில் அப்போது பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. பழைய எண்ணுடனும் புதிய எண்ணுடனும் இருந்த என் கடிதங்களைப் பார்த்த ஒரு மேசையில், இவை இரண்டு பேருடையவையா என்று சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஒரு எண்ணைத் திருத்துவதற்காக மட்டும் நான் இரண்டு தடவை கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் வந்தேன்.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது மருத்துவ விபரப் படிவம். அது ஆங்கிலத்தில் நிரப்பப்பட்டு, வைத்தியரால் கையொப்பமிடப்பட்டு, ஆதாரங்களுடன் முன்கூட்டியே அனுப்பப்பட வேண்டும். காயம் ஏற்பட்ட திகதி, பெற்ற சிகிச்சை, சத்திரசிகிச்சை பற்றிய குறிப்புகள் என்று அது கேட்டவற்றில் ஒன்றுகூட என்னிடம் காகிதமாக இருக்கவில்லை. 2009 ஆம் ஆண்டு போரின் கடைசி மாதங்களில் சுதந்திரபுரத்தில் எறிகணை விழுந்தபோது எனக்குப் பதினைந்து வயது. உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்திப் புதுக்குடியிருப்பு வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். அங்கேதான் காலை எடுத்தார்கள். சில நாட்களில் அந்த வைத்தியசாலையே இடம்பெயர்ந்து புதுமாத்தளனுக்குப் போனது. என்னையும் கொண்டு போனார்கள். மாசியில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் காயக்காரரை ஏற்றிச் சென்ற கப்பலில் கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தேன். அங்கே தந்த, காயத்தையும் சிகிச்சையையும் எழுதிய டயக்னோசிஸ் கார்ட்டை அம்மா பொலித்தீன் பையில் சுற்றிச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் வரை காப்பாற்றி வைத்திருந்தார். அந்த ஆவணி மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்த இரவில் அது போய்விட்டது.

திகதியும் எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் எங்களிடம் கலண்டர் இருக்கவில்லை. தைப்பொங்கல் கழிந்து, விசுவமடுவிலிருந்து வெளிக்கிட்டு, உடையார்கட்டில் சில நாட்கள் இருந்து, பிறகு சுதந்திரபுரம் என்று இடங்களின் வரிசைதான் எங்கள் நினைவில் இருக்கிறது. அம்மாவுக்கும் எனக்கும் அந்த வரிசை மனப்பாடம். ஆனால் படிவத்தில் இடங்களை எழுதுவதற்குக் கட்டம் கிடையாது.

முதலில் போன வைத்தியசாலையில், காலை எடுத்த இடத்திலிருந்து கடிதம் கொண்டு வந்தால் மட்டுமே எழுதித் தர முடியும் என்றார்கள். அங்கே மூன்று முறை போனேன். மூன்றாம் முறை கூட வந்த அம்மா, வெளியே வந்து வேப்பமரத்தடியில் இருந்துகொண்டு, "கால் இல்லை எண்டது கண்ணுக்கு முன்னால தெரியுது தம்பி, அதுக்கும் கடிதம் வேணுமெண்டால் நான் எந்தப் பங்கருக்குள்ள போய்த் தேடுறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்னொரு வைத்தியசாலையில் இருந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர்தான் வழியைக் காட்டினார். பழைய கடிதத்தைத் தேடுவதை விடு, இன்றைய காலைக் காட்டு என்று சொல்லி, எஞ்சியிருந்த காலை முன்புறமாகவும் பக்கவாட்டிலும் எக்ஸ்றே எடுப்பித்தார். எலும்பு எந்த இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதனை அளந்து எழுதினார். காரணம் என்ற இடத்தில் வெடிப்புக் காயம் என்று ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள். திகதிக்கு ஆண்டை மட்டும் எழுதினார். அந்தப் படிவம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒன்பது ஆண்டுகளுக்கு முந்திய காகிதத்தைத் தேடி நான் செலவழித்த இரண்டு மாதங்களும் தேவையற்றவை என்பதனால்தான் இதனை அழுத்திச் சொல்கிறேன்: உறுப்பை இழந்தவர்கள் முதலில் எடுக்க வேண்டியது புதிய எக்ஸ்றேயும் இன்றைய நிலையைச் சொல்லும் வைத்திய அறிக்கையும்தான்.

காரணம் பற்றிய கேள்வி வைத்தியரிடம் இரண்டு சொற்களில் முடிந்தது. மற்ற இடங்களில் முடியவில்லை. வன்னியிலிருந்து வரும் கால் இல்லாத இளைஞனிடம் எந்த மேசையிலும் முதலில் கேட்கப்படுவது எப்படிக் கால் போனது என்பதுதான். அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கும். கடவுச்சீட்டுக்குப் போனபோது கேட்டார்கள். அணியில் பெயர் வந்த பின்னர் வீட்டுக்கு வந்த இருவர் கேட்டார்கள். அம்மாவிடம் தனியாகவும் கேட்டார்கள். தரம் பத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை என்று ஒவ்வொரு முறையும் சொன்னோம். சொல்லிச் சொல்லி, உண்மையைச் சொல்லும்போதுகூட ஒப்புவிப்பது போன்ற ஒரு தொனி என் குரலில் வந்துவிட்டது.

பயிற்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் வலக்கையால் எறிபவன். ஓடிவந்து எறியும் கணத்தில் இடது காலை முன்னே ஊன்றி, அதை மடியவிடாமல் இறுக்கி நிறுத்தினால்தான் ஓட்டத்தின் வேகம் இடுப்புக்கும் தோளுக்கும் ஏறி ஈட்டிக்குப் போகும். எனக்கு இல்லாதது அந்தக் கால்தான். நான் அணிந்திருந்தது ஜெய்ப்பூர் கால். வெறுங்காலுடன் நடக்கவும் சப்பாணி கட்டி இருக்கவும் வயலில் இறங்கவும் ஏற்றதாக ஜெய்ப்பூரில் 1968 ஆம் ஆண்டளவில் உருவாக்கப்பட்ட அந்த இறப்பர்ப் பாதம் எங்கள் வாழ்க்கைக்கு மிகவும் பொருத்தமானது. 800 கிராம் ஈட்டியை எறிபவனுடைய முழுப்பாரத்தையும் ஒரே இடியாக வாங்குவதற்காக அது செய்யப்படவில்லை. சித்திரை வெயிலில் பயிற்சி செய்தால் உறைக்குள் வியர்வை தேங்கிக் கால் வழுக்கும்; ஊன்றும்போது விளிம்பு முழங்காலுக்குக் கீழே வெட்டும். புண் ஆறும்வரை ஓட்டமில்லாமல் நின்றபடியே எறிந்து பழகினேன். ஓட்டத்தின் அடிகளைக் குறைத்து, கடைசி அடியைக் குறுக்கி வைக்கும் முறையை என் பயிற்றுநர் கண்டுபிடித்துத் தந்த பிறகே தூரம் கூடியது.

புறப்படுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, செப்டெம்பர் 28 ஆம் திகதி, சுலவேசித் தீவில் நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்து பாலு நகரில் ஆழிப்பேரலையும் வந்தன. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி முல்லைத்தீவுக் கரையில் கடல் செய்ததைப் பார்த்த அம்மா, அந்த நாட்டுக்குப் போகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாலு வேறு தீவு, ஜகார்த்தா வேறு தீவு என்று பாடசாலைத் தேசப்படத்தில் விரலை வைத்துக் காட்டினேன். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்த பிறகுதான் சம்மதித்தார்.

ஜகார்த்தாவில் கெமயோரான் பகுதியில் இருந்த வீரர் கிராமத்தில் தங்கினோம். பெரிய நாட்டு அணிகளுடன் அவர்களுடைய வைத்தியர்களும் செயற்கைக் கால் திருத்துபவர்களும் வந்திருந்தார்கள். எங்களுடன் வந்த அதிகாரிகள், ஒருவரே நான்கு பேருடைய வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். வகைப்படுத்தல் அறைக்குள் வீரருடன் அணியின் பிரதிநிதி ஒருவர் வரலாம்; தேவையானால் மொழிபெயர்ப்பாளரும் வரலாம். எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கவில்லை. ஆங்கிலத்தில் வரும் கேள்வியை எங்கள் அதிகாரி சிங்களத்தில் சொல்ல, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் பதில் சொல்லுவது என்று முடிவாயிற்று. முந்திய இரவு சக வீரர் ஒருவர், கொஞ்சம் இயலாதவன் போல நடந்துகொள், நல்லது என்று அக்கறையுடன் சொன்னார். அது முற்றிலும் தவறு. வேண்டுமென்றே இயலாமையைக் கூட்டிக் காட்டினால் அது குற்றமாகக் கருதப்பட்டுத் தடை விதிக்கப்படும். அதைவிட, எலும்பு எங்கே முடிகிறது என்பதை நடிப்பு மாற்றப் போவதில்லை.

அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு பேர். ஒருவர் வைத்தியர், மற்றவர் விளையாட்டு நுட்பம் தெரிந்தவர். கடவுச்சீட்டைப் பார்த்தார்கள். சோதனைக்குச் சம்மதம் என்று ஒரு தாளில் கையொப்பம் வாங்கினார்கள். பிறகு காலைக் கழற்றச் சொன்னார்கள். அந்நியர் முன்னால் அதைக் கழற்றுவது எனக்கு எப்போதுமே கூச்சமான காரியம். அன்று விரல்கள் நடுங்கியதனால் பட்டியை அவிழ்க்க நேரம் எடுத்தது. அந்த வைத்தியர் அவசரப்படுத்தவில்லை. நாடாவால் அளந்தார், எக்ஸ்றேயுடன் ஒப்பிட்டார், முழங்காலையும் இடுப்பையும் மடித்து நீட்டச் சொல்லிக் கோணம் பார்த்தார், தன் உள்ளங்கையைத் தள்ளச் சொல்லித் தசையின் பலத்தைப் பார்த்தார். என் இறப்பர்ப் பாதத்தைத் தூக்கி, தேய்ந்திருந்த குதியை விரலால் தடவி, மெதுவாக மேசையில் வைத்தார். மற்றவர் காலை அணிந்துகொண்டு எறியும் அசைவைச் செய்து காட்டச் சொன்னார்.

எப்படிக் கால் போனது என்று அடுத்துக் கேட்பார்கள் என்று நான் காத்திருந்தேன். தரம் பத்து என்ற பதிலைச் சிங்களத்தில் தயார்ப்படுத்தி வைத்திருந்தேன். அவர்கள் கேட்கவில்லை. யார் எறிந்தது, எந்தப் பக்கம் நின்றாய், அங்கே ஏன் இருந்தாய் என்ற எதுவும் அந்த அறைக்குத் தேவைப்படவில்லை. கால் எங்கே முடிகிறது, அதற்கு மேலே என்ன இருக்கிறது என்பது மட்டுமே தேவைப்பட்டது. அப்படி ஓர் அறைக்குள் ஒன்பது ஆண்டுகளில் நான் முதல் தடவையாக இருந்தேன். வெளியே வந்து ஒரு வாங்கில் இருந்து நெடுநேரம் அழுதேன். முடிவு பாதகமாக வந்துவிட்டதோ என்று அதிகாரி பயந்துவிட்டார்.

முடிவு எஃப் 64 என்றே வந்தது. புதிய வீரன் என்பதால் போட்டியில் எறியும்போதும் அவதானிப்பார்கள் என்றும் அதன் பின்னரே உறுதியாகும் என்றும் சொன்னார்கள். ஈட்டி எறிதலில் 42 முதல் 44 வரையும் 61 முதல் 64 வரையுமான பிரிவுகளை ஒன்றாக வைத்திருந்தார்கள். 60.01 மீற்றர் எறிந்த இந்திய வீரர் சந்தீப் சௌத்ரி தங்கம் பெற்றார். வெள்ளி எங்கள் அணிக்கு வந்தது. எனக்குப் பதக்கம் இல்லை. முதலாவது எறிதலில் கால் உறைக்குள் திரும்பிக் கோட்டை மிதித்தேன். மற்றவை என் வழமையான தூரத்தில் விழுந்தன. அன்று மாலை என் வகை உறுதிப்படுத்தப்பட்டது.

என் அறையில் தங்கியிருந்தவர் இராணுவ வீரர். இலங்கைப் பரா அணியில் பெரும்பாலானோர் அப்படித்தான். 2012 இல் இலண்டனில் 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்று நாட்டுக்கு முதலாவது பரா ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டு வந்த பிரதீப் சஞ்சயவும், 2016 இல் ரியோவில் ஈட்டி எறிதலில் வெண்கலம் பெற்ற தினேஷ் பிரியந்த ஹேரத்தும் இராணுவத்தினரே. என் அறைத் தோழருக்கு வலக்கை முழங்கையுடன் இல்லை. முதல் இரண்டு நாட்களும் நாங்கள் அதிகம் பேசவில்லை. காலுறையைக் கழுவி நான் பல்கனிக்குத் தத்தித் தத்திப் போவதைக் கண்டு, மூன்றாம் நாளிலிருந்து அவரே அதை ஒற்றைக் கையால் வாங்கிக் காயவைத்தார். போட்டி முடிந்த இரவு விளக்கை அணைத்த பிறகு, "மல்லி, உனக்கு எந்த மாதம்?" என்று கேட்டார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. திகதி தெரியாது, மாசிக்குக் கொஞ்சம் முன்னர் என்றேன். தனக்கும் அதே நாட்கள்தான் என்றார். எந்த இடம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு மாதங்களின் பின்னர், 2018 டிசெம்பரின் பிற்பகுதியில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருவெள்ளம் வந்தது. எங்கள் வீட்டுக்குள்ளும் இரவோடிரவாகத் தண்ணீர் ஏறியது. நான் செயற்கைக் காலைத் தேடிக்கொண்டிருந்தபோது, அம்மா அதற்கு முதலே முற்றத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் சுற்றிய எக்ஸ்றே படங்களும் எஃப் 64 என்று எழுதிய தாளும் அவருடைய தலையில் இருந்தன.